கடவுள் மனிதர் ஆனார்: கிறிஸ்துமஸ் நாட்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பல வருடங்களாக ஞாயிறு வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு, பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு. டிசம்பர் வந்துவிட்டால் இரண்டு இடத்திலும் ஒரே கேள்விகள்தான் வரும். வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்பவர்களும் உண்டு, கூட்டத்தில் கேட்கத் தயங்கி இரவில் செய்தி அனுப்புபவர்களும் உண்டு. அவற்றையெல்லாம் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

"மனுவுருவாதல்னா என்ன? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

கடவுள் மனிதர் ஆனார். அவ்வளவுதான். தொடக்கம் இல்லாமல் தந்தையோடு இருக்கும் மகன், தாம் கடவுளாயிருப்பதை விடாமலேயே, மரியாவின் வயிற்றில் கருவாகி நம்மைப் போல ஒரு மனிதராகப் பிறந்தார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். அவர்தான் நாசரேத்து இயேசு. சில சபைகளில் இதை 'மாம்சமாகுதல்' என்பார்கள், சிலர் 'மனித அவதாரம்' என்பார்கள். பொருள் ஒன்றுதான்.

இதில் 'ஆனார்' என்ற வினைச்சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கடவுள் மனிதரிடம் வந்ததும் பேசியதும் அதற்கு முன்பே நடந்திருக்கிறது. ஆபிரகாமோடு பேசினார், எரியும் முட்செடியில் மோசேக்குத் தோன்றினார், இறைவாக்கினர்களை அனுப்பினார். பெத்லகேமில் அவர் வந்தது மட்டுமல்ல, நம்மில் ஒருவர் ஆனார். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் இருக்கின்றன.

"அப்போ கிறிஸ்துமஸ்ங்கிறது இயேசுவோட பிறந்தநாள் இல்லையா?"

பிறந்தநாள்தான். ஆனால் மற்ற பெரியவர்களின் பிறந்தநாளை எதற்காகக் கொண்டாடுகிறோம்? அவர்கள் வளர்ந்த பிறகு செய்த காரியத்துக்காக. பிறந்த அன்று அவர்களும் எல்லாக் குழந்தைகளையும் போல ஒரு குழந்தை. இயேசுவின் விஷயத்தில் பிறப்பே ஒரு காரியம். ஒரு போதனைகூடச் சொல்வதற்கு முன், ஒரு நோயாளியைக்கூடத் தொடுவதற்கு முன், தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட அந்தக் குழந்தைக்கே 'இம்மானுவேல்' என்ற பெயர் பொருந்தும் என்கிறார் மத்தேயு. 'கடவுள் நம்மோடு' என்பது அதன் பொருள்.

கத்தோலிக்கத் திருவழிபாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சபையின் நம்பிக்கையைச் சுருக்கமாகச் சொல்லும் நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும்போது 'மனிதர் ஆனார்' என்ற இடத்தில் மற்ற நாட்களில் தலை வணங்குவார்கள். வருடத்தில் இரண்டு நாள் மட்டும் அந்த வரியில் எல்லோரும் முழங்கால் படியிடுவார்கள். ஒன்று டிசம்பர் 25. இன்னொன்று மார்ச் 25, வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்ன நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக ஒன்பது மாதம். உண்மையில் கடவுள் மனிதர் ஆனது கரு உருவான அந்த நாளில்தான். கிறிஸ்துமஸ் அது கண்ணுக்குத் தெரிய வந்த நாள்.

"மனுவுருவாதல்ங்கிற வார்த்தையே பைபிளில் இல்லையே. பிற்காலத்தில் சேர்த்ததுதானே?"

அந்தப் பெயர்ச்சொல் பிற்காலத்தது. செய்தி பழையது. யோவான் நற்செய்தி 1:14-ஐப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் "அந்த வார்த்தை மாம்சமாகி" என்று இருக்கும், பொது மொழிபெயர்ப்பில் "வாக்கு மனிதர் ஆனார்" என்று இருக்கும். கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குச் சதை, ஊன் என்று பொருள். யோவான் நினைத்திருந்தால் மரியாதையாக 'உடல்' என்றோ 'மனிதர்' என்றோ எழுதியிருக்கலாம். நோவும் பசியும் அழிவும் உள்ள இந்தச் சதையைத்தான் அவர் சொன்னார். அடுத்து வரும் 'நம்மிடையே குடிகொண்டார்' என்பதற்கு மூலத்தில் 'கூடாரம் அடித்தார்' என்ற சொல் இருக்கிறது. பாலைவனத்தில் இஸ்ரயேல் மக்களின் கூடாரங்களுக்கு நடுவே கடவுளுக்கும் ஒரு கூடாரம் இருந்ததே, அதை நினைவுபடுத்தும் சொல்.

யோவானுக்கு முன்பே பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 2-ஆம் அதிகாரத்தில் இதே செய்தி இருக்கிறது. கடவுள் தன்மையில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் உருவெடுத்து, மனிதருக்கு ஒப்பானார் என்கிறார். அந்தக் கடிதம் எழுதப்பட்டபோது இயேசுவின் மரணத்துக்குப் பிறகு சுமார் 30 வருடங்கள்தான் ஆகியிருந்தன.

இன்னொன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இயேசு கடவுளா என்று மட்டும் ஆரம்ப கால விசுவாசிகள் வாதிடவில்லை. அவர் நிஜமாகவே மனிதரா, இல்லை மனிதர் போலத் தோன்றினாரா என்பதும் அன்றைக்குப் பெரிய சண்டை. தோற்றம்தான், உடல் இல்லை என்று சொன்னவர்களை எதிர்த்தே யோவானின் முதல் கடிதம் 4-ஆம் அதிகாரத்தில் "இயேசு கிறிஸ்து மாம்சத்தில் வந்தாரென்று" அறிக்கையிடுவதைச் சோதனைக் கல்லாக வைக்கிறது.

"அவதாரம்னு சொல்லலாமா? அது வேற, இது வேறன்னு சிலர் சொல்றாங்களே?"

அவதாரம் என்றால் 'இறங்கி வருதல்'. கடவுள் இறங்கி வந்தார் என்பது கிறிஸ்தவ விசுவாசத்தில் இருப்பதால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் வைணவ மரபில் அந்தச் சொல்லுக்குத் தனக்கே உரிய ஆழமான பொருள் இருக்கிறது. இரண்டையும் ஒன்று என்று சொன்னால் இரு மரபையும் சரியாகப் புரிந்துகொள்ளாதவர்களாகிவிடுவோம்.

வைணவத்தில் இறைவன் யுகந்தோறும், வெவ்வேறு உருவங்களில், தர்மத்தைக் காக்க வருகிறார். அவருடைய திருமேனி நம் உடம்பு போன்ற பொருளால் ஆனதல்ல என்பது ஸ்ரீவைணவர்களின் கொள்கை. கிறிஸ்தவ விசுவாசம் வேறு இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்கிறது. இது ஒரே ஒரு முறை நடந்தது. அவர் எடுத்தது மரியாவிடமிருந்து பெற்ற, நம்முடையதைப் போன்ற அதே சதை. மேலே சொன்ன 'சதை' என்ற சொல் அதனால்தான் முக்கியம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அவர் அந்த உடலைத் திரும்ப விட்டுவிடவில்லை. அதைக் கடைசிக்கு முந்தின கேள்வியில் சொல்கிறேன்.

"இயேசு பாதி கடவுள், பாதி மனிதர், சரியா?"

இல்லை. நான் அதிகம் திருத்த வேண்டியிருக்கும் பதில் இதுதான். பாதிப் பாதி என்றால் அவர் கடவுளும் இல்லை, மனிதரும் இல்லை, நடுவில் மூன்றாவதாக ஏதோ ஒன்று. அவர் முழுக் கடவுள், முழு மனிதர், ஆனால் ஒரே ஆள்.

இதைச் சரியாகச் சொல்லச் சபைக்கு நூறு வருடத்துக்கும் மேல் பிடித்தது. அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குரு, மகன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று கற்பித்தார். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்து, மகன் தந்தையோடு ஒரே இயல்புடையவர் என்று அறிக்கையிட்டார்கள். அப்புறம் மறுபக்கத்தில் பிரச்சினை வந்தது. லவோதிக்கேயா ஆயர் அப்பொலினாரிஸ், இயேசுவுக்கு மனித உடல் உண்டு, ஆனால் மனித மனதுக்குப் பதிலாகக் கடவுளின் வார்த்தையே இருந்தது என்றார். அதற்கு நசியான்சு கிரகோரி எழுதிய பதில் இன்றும் நிற்கிறது: எதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை. நம் மனதுக்கும் குணம் வேண்டும், அதனால் மனித மனதையும் அவர் எடுத்திருக்க வேண்டும் என்பது கருத்து. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு முறை தேவைப்படும்.

451-இல் கால்சிதோன் நகரில் ஆயர்கள் கூடிய சங்கம், கடவுள் இயல்பும் மனித இயல்பும் ஒரே ஆளில் 'கலப்பின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, பிளவின்றி' இருக்கின்றன என்று அறிக்கையிட்டது. நான்கும் 'இன்றி'யில் முடிவதைக் கவனியுங்கள். இந்த மறைபொருள் எப்படி இயங்குகிறது என்று அது விளக்கவில்லை, எந்தப் பக்கம் போனால் தவறிவிடுவோம் என்று வேலி போட்டது. காப்டிக், சிரியன், ஆர்மீனியன், எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இந்தச் சங்கத்தின் சொல்லாட்சியை ஏற்கவில்லை. 'ஒன்றான இயல்பு' என்றே சொல்கின்றன. ஆனால் இயேசு முழுக் கடவுள், முழு மனிதர் என்பதில் அவர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 1973-இல் கத்தோலிக்கத் திருத்தந்தை ஆறாம் பவுலும் காப்டிக் திருத்தந்தை மூன்றாம் ஷெனூதாவும் சேர்ந்து இதைச் சொல்லும் ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

"குழந்தையா தொட்டியில படுத்திருக்கிறப்போ உலகத்தை யார் பார்த்துக்கிட்டா?"

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கேட்டான். பெரிய பெரிய இறையியலாளர்கள் கேட்ட அதே கேள்வி.

அவரேதான் பார்த்துக்கொண்டார் என்பது சபைத் தந்தையர் எனப்படும் ஆரம்ப கால ஆசிரியர்களின் பதில். மகன் மனிதர் ஆனபோது கடவுள் தன்மை அந்தச் சின்ன உடலுக்குள் அடைபட்டுவிடவில்லை என்று 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதினார். துணியில் சுற்றிய குழந்தையாய்க் காணப்பட்ட அதே வேளையில் கடவுளாகப் படைப்பு முழுவதையும் நிறைத்திருந்தார் என்று அலெக்சாந்திரியா சிரில் எழுதினார். சூரிய வெளிச்சம் சன்னல் வழியாக வீட்டுக்குள் முழுமையாக வருகிறது, அதனால் வெளியே இருட்டாகிவிடுவதில்லை என்று அந்தப் பையனுக்குச் சொன்னேன். உவமைதான், முழுதாகப் பொருந்தாது.

ஆனால் இதைச் சொல்லும்போது இன்னொரு பக்கத்தை விட்டுவிடக் கூடாது. அந்தக் குழந்தை அழுவது போல் நடிக்கவில்லை. பசித்தது, அழுதார். பால் குடித்தார். கழுத்து நிற்காமல் இருந்தார், யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. உலகத்தைத் தாங்குகிறவரை ஓர் இளம்பெண் கையில் தாங்கினாள். எத்தனை வருடம் பாடம் எடுத்தாலும் இந்த இடத்தில் எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

"கடவுள்னா எல்லாம் தெரியணுமே. 'எனக்குத் தெரியாது'ன்னு இயேசுவே சொல்லியிருக்காரே?"

மாற்கு 13:32-ஐச் சொல்கிறீர்கள். கடைசி நாள் எப்போது என்று தந்தைக்குத் தவிர யாருக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது என்கிறார். இயேசு சிறுவயதில் ஞானத்திலும் வளர்த்தியிலும் வளர்ந்தார் என்று லூக்கா 2:52-லும் இருக்கிறது. ஞானத்தில் வளர்ந்தார் என்றால் முன்பு தெரியாதது பின்பு தெரிந்தது என்றுதானே பொருள்.

சபைத் தந்தையரிடம் இரண்டு விதமான விளக்கம் உண்டு. நமக்கு அதை வெளிப்படுத்துவது அவர் வேலை அல்ல, அதனால் அப்படிச் சொன்னார் என்பார் அகுஸ்தீன். மனிதராக அவருக்குத் தெரியாது, கடவுளாக எல்லாம் தெரியும் என்பது அத்தனாசியுஸ் வழி. எனக்கு இரண்டாவதுதான் வசனத்தை அப்படியே மதிப்பதாகத் தோன்றுகிறது. மனித மனதை முழுதாக எடுத்தவர் என்றால் (பாதிக் கடவுள் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்) கற்றுக்கொள்ளும் மனதைத்தான் எடுத்திருப்பார். அவர் எழுத்தைப் படிக்கக் கற்றார், தச்சுவேலை பழகினார். தெரியாமை பாவம் அல்ல.

"கடவுள் மாறாதவர்னு சொல்றீங்க. அப்புறம் 'ஆனார்'னா மாறிட்டாருன்னுதானே அர்த்தம்?"

நல்ல கேள்வி, இலக்கணத்திலேயே வரும் கேள்வி. பால் தயிரானது என்றால் பால் இனி இல்லை. அந்த 'ஆனது' இங்கே பொருந்தாது. மகன் மனிதர் ஆனபோது கடவுளாயிருப்பதை இழக்கவில்லை.

ஒரு பெண் தாய் ஆனாள் என்கிறோம். அவள் பெண்ணாயிருப்பது போய்விடவில்லை. முன்பு இல்லாத ஓர் உறவும் வாழ்க்கையும் அவளுடையதாகிவிட்டன. 'ஆனார்' என்பதை இந்தப் பக்கத்திலிருந்து யோசியுங்கள். தந்தையரும் அப்படித்தான் சொன்னார்கள்: தாம் எதுவாக இருந்தாரோ அதுவாகவே இருந்துகொண்டு, தாம் இல்லாத ஒன்றை ஏற்றார். பவுல் சொல்லும் 'வெறுமையாக்குதல்' கடவுள் தன்மையைக் கழற்றி வைப்பதல்ல, அடிமையின் உருவத்தை எடுப்பது. அந்த வசனத்திலேயே அடுத்த சொல் அதுதான்.

"மேலே இருந்தே மன்னிச்சிருக்கலாமே? எதுக்கு மனிதனா பிறக்கணும்?"

மன்னிப்பு மட்டும்தான் தேவை என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆற்றில் மூழ்கிக்கொண்டிருக்கிற ஒருவன் 'போகாதே' என்று சொன்னதைக் கேட்காமல் போனவன் என்று வையுங்கள். கரையில் நின்று 'உன்னை மன்னித்துவிட்டேன்' என்றால் அவனுக்கு என்ன லாபம்? யாராவது தண்ணீரில் இறங்க வேண்டும்.

அத்தனாசியுஸ் இதை ஓவியத்தை வைத்து விளக்கினார். பலகையில் வரைந்த ஒருவரின் உருவம் அழுக்குப் பட்டு அழிந்துவிட்டது. பலகையைத் தூக்கிப் போட மனமில்லை. அப்போது என்ன செய்வது? அந்த உருவத்துக்கு உரியவரே மறுபடி வந்து ஓவியர் முன்னால் உட்கார வேண்டும், அதே பலகையில் உருவம் புதுப்பிக்கப்படும். மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன். சாயல் சிதைந்தபோது அந்தச் சாயலுக்கு மூலமானவரே வந்தார். எனக்குத் தெரிந்த விளக்கங்களில் மிக அழகானது இதுதான்.

வேறு விதமாகவும் விளக்கியிருக்கிறார்கள். 1098-இல் ஆன்செல்ம் எழுதி முடித்த நூல், தீர்க்க வேண்டிய கடன் மனிதனுடையது, தீர்க்கும் வல்லமை கடவுளுக்கு மட்டுமே உண்டு, ஆகவே கடவுளாகவும் மனிதராகவும் உள்ள ஒருவரால்தான் முடியும் என்று வாதிடுகிறது. மேற்கத்திய சபைகளில் இது அதிகம் கேட்கும் பதில். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

"மனிதன் பாவமே செய்யலைன்னா கிறிஸ்துமஸே இருந்திருக்காதா?"

இதில் பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. வேதம் எப்போதும் மீட்பைச் சொல்லியே மனுவுருவாதலைச் சொல்வதால், பாவம் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது என்பதே பொருத்தம் என்று தாமஸ் அக்குவினாஸ் நினைத்தார். அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்த டன்ஸ் ஸ்கோட்டஸ், கடவுளின் மிகப் பெரிய செயல் மனிதனின் தவறை நம்பி இருக்க முடியாது, எப்படியும் அவர் வந்திருப்பார் என்றார். நான் ஸ்கோட்டஸ் பக்கம். விசுவாசக் கட்டாயம் இல்லை, நீங்கள் எதையும் தேர்ந்துகொள்ளலாம்.

"பாவமே செய்யாதவர் எப்படி முழு மனிதர்? நம்ம கஷ்டம் அவருக்கு எப்படித் தெரியும்?"

பாவம் மனித இயல்பின் ஒரு பாகம் அல்ல, அதில் விழுந்த காயம். காயம் இல்லாத கையும் கைதான். எபிரெயர் 4:15, அவர் எல்லாவிதத்திலும் நம்மைப் போல் சோதிக்கப்பட்டார், ஆனால் பாவம் இல்லாதவர் என்கிறது. சோதனைக்கு உடனே இணங்கிவிடுகிறவனுக்கு அதன் முழு பலம் தெரியாது. கடைசி வரை எதிர்த்து நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

கைதாவதற்கு முன் கெத்செமனித் தோட்டத்தில் அவர் வியர்த்து, நடுங்கி, 'என் விருப்பம் அல்ல, உம் விருப்பம்' என்று ஜெபித்தார். அப்படியானால் அவருக்குத் தனியாக ஒரு மனித விருப்பம் இருந்தது. 7-ஆம் நூற்றாண்டில் அரசியல் சமாதானத்துக்காக, இயேசுவுக்கு ஒரே விருப்பம்தான் என்று சொல்லிவிட்டுப் போக பைசாந்தியப் பேரரசின் அரண்மனை அழுத்தம் கொடுத்தது. மாக்சிமுஸ் என்ற துறவி மறுத்தார். அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள், 662-இல் இறந்தார். கிரகோரியின் அதே வரிதான் அவர் பக்க நியாயம்: மனித விருப்பத்தை அவர் எடுக்காவிட்டால், நம்மில் மிக அதிகமாகக் கெட்டுப்போன அந்தப் பகுதி குணமாகாது. 680-681-இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கம் அவர் சொன்னதே சரி என்றது. ஒரு விருப்பமா இரண்டா என்பது வெறும் சொல் விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

"மரியாவைக் கடவுளின் தாய்னு சொல்றது தப்பில்லையா? கடவுளுக்கு ஏது தாய்?"

கடவுள் தன்மை மரியாவிடமிருந்து தொடங்கியது என்று யாரும் சொல்லவில்லை. தாய் ஓர் ஆளைத்தான் பெறுகிறாள், ஓர் இயல்பை அல்ல. மரியா பெற்ற அந்த ஆள் யார்? கடவுளின் மகன். ஆகவே அவள் கடவுளின் தாய். கொன்ஸ்தாந்திநோபிள் பேராயர் நெஸ்தோரியுஸ் 'கிறிஸ்துவின் தாய்' என்று சொன்னால் போதும் என்றார். அப்படிச் சொன்னால் கிறிஸ்து வேறு, கடவுளின் மகன் வேறு என்று பிரிந்துவிடும் என்று 431-இல் எபேசு சங்கம் பழைய பட்டத்தையே உறுதி செய்தது. மரியாவின் உறவினரான எலிசபெத்தும் "என் ஆண்டவருடைய தாயார்" என்றுதானே வாழ்த்தினார். மார்ட்டின் லூத்தரும் இந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டவர்தான். பட்டம் மரியாவைப் பற்றியதைவிட அவர் வயிற்றில் இருந்தவரைப் பற்றியது.

"அவர் ஆணாகப் பிறந்தார். அப்போ பெண்களாகிய எங்களுக்கு?"

கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார், கேட்கும்போது குரல் கொஞ்சம் இறுகியிருந்தது. நிஜமான மனிதர் என்றால் ஏதோ ஓர் உடலில், ஏதோ ஓர் இனத்தில், ஏதோ ஒரு காலத்தில்தான் பிறக்க முடியும். அவர் ஆண், யூதர், ஏரோது அரசன் காலத்தவர். ஆனால் நம்பிக்கை அறிக்கையின் கிரேக்க மூலம் 'ஆண் ஆனார்' என்று சொல்லவில்லை. ஆண் பெண் இருவருக்கும் பொதுவான மனிதர் என்ற சொல்லே அங்கே இருக்கிறது. மறுபடியும் கிரகோரியிடம் போங்கள். அவர் ஏற்றது ஆண்மையை மட்டும் என்றால் பெண்கள் மீட்கப்படவில்லை என்றாகும். எந்தச் சபையும் அப்படி நம்பியதில்லை. அவருடைய சதை முழுவதும் ஒரு பெண்ணிடமிருந்து வந்தது என்பதையும் அந்த மாணவியிடம் சொன்னேன்.

"டிசம்பர் 25 பைபிளில் இல்லையே. அது சூரியக் கடவுள் பண்டிகைதானே?"

தேதி வேதத்தில் இல்லை, உண்மை. ரோமில் டிசம்பர் 25 கொண்டாடப்பட்டதற்கு நமக்குக் கிடைக்கும் தெளிவான பழைய சாட்சி 354-ஆம் ஆண்டின் ஒரு நாட்காட்டித் தொகுப்பு. பேரரசர் அவுரேலியன் 274-இல் சூரியக் கடவுளுக்கு ரோமில் கோயில் எடுத்தார், அந்த விழாவுக்குப் பதிலாக வந்தது என்பது ஒரு கருத்து. இயேசு மார்ச் 25-இல் இறந்தார், அதே தேதியில் கருவானார் என்ற பழைய நம்பிக்கையிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்பது இன்னொன்று. அகுஸ்தீனே இந்தக் கணக்கைச் சொல்கிறார். ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-இல்தான் கொண்டாடுகிறது. பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் சபைகளுக்கு டிசம்பர் 25 நம் நாட்காட்டியில் ஜனவரி 7-இல் வருகிறது.

எந்த நாள் என்பதில் விசுவாசம் நிற்கவில்லை. ஏதோ ஒரு நாளில் நடந்தது என்பதில் நிற்கிறது. ஏரோது ஆண்ட காலம், அகுஸ்து கட்டளையிட்ட கணக்கெடுப்பு என்று நற்செய்திகள் சொல்வது அதனால்தான்.

"உருவமில்லாத கடவுளுக்குக் குடில், படம் எல்லாம் எதுக்கு? கட்டளைக்கு விரோதம் இல்லையா?"

8-ஆம் நூற்றாண்டில் இதே கேள்விக்காகப் படங்களை உடைத்தார்கள். அப்போது தமஸ்கு யோவான் பதில் எழுதினார்: கண்ணுக்குத் தெரியாத கடவுளை நான் வரையவில்லை, நமக்காகச் சதை எடுத்துக் காணப்பட்டவரையே வரைகிறேன். 787-இல் இரண்டாம் நிசேயா சங்கம் அதை ஏற்றது. 1223-இல் கிரேச்சோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்து கிறிஸ்துமஸ் திருப்பலி ஏற்பாடு செய்தது இதே நம்பிக்கையில்தான். படம் வேண்டாம் என்று இருக்கும் சபைகளும் மனுவுருவாதலை முழுதாக நம்புகின்றன, அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"விண்ணேற்றத்துக்கு அப்புறம் இயேசு உடம்பை விட்டுட்டாரா? இப்போ ஆவியாத்தானே இருக்கார்?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள் என்பேன். அவர் உடலை விடவில்லை. இப்போதும் மனிதராகவே இருக்கிறார்.

உயிர்த்த பிறகு சீடர்கள் ஆவி என்று பயந்தபோது, "என்னைத் தொட்டுப்பாருங்கள்" என்று சொல்லி, அவர்கள் முன்னால் மீன் வாங்கிச் சாப்பிட்டார். தோமாவுக்குக் காயங்களைக் காட்டினார். அந்த உடலோடுதான் மேலே சென்றார். பல வருடம் கழித்து எழுதப்பட்ட திமோத்தேயு கடிதம் கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே உள்ளவரை 'மனிதராகிய இயேசு கிறிஸ்து' என்றே சொல்கிறது.

நிறையப் பேர் மனதில் கிறிஸ்துமஸ் என்பது ஒரு 33 வருட வேலைக்கான உடை மாதிரி இருக்கிறது. போட்டார், வேலையை முடித்தார், கழற்றினார். உடை என்றால் 'ஆனார்' என்று சொல்ல மாட்டோம், 'அணிந்தார்' என்றுதான் சொல்வோம். பெத்லகேமில் எடுத்ததை அவர் இனி ஒருபோதும் விடப் போவதில்லை. ஆணித் தழும்போடு ஒரு மனிதக் கை கடவுளின் வலப்பக்கத்தில் இருக்கிறது. நம் இறந்தவர்களை அடக்கம் செய்யும்போது உடலை மரியாதையோடு வைப்பதும், உடல் உயிர்த்தெழும் என்று அறிக்கையிடுவதும் இங்கிருந்து வருகின்றன.

"வீட்டில் ஒரு சாவு நடந்த வருஷம். கிறிஸ்துமஸ் கொண்டாடவே மனசு வரலை. தப்பா?"

தப்பே இல்லை. என் அம்மா இறந்த வருடம் எனக்கும் மனசு வரவில்லை.

மத்தேயு சொல்லும் பிறப்புக் கதையை இரண்டாம் அதிகாரம் முழுவதும் படித்துப் பாருங்கள். ஞானிகளின் பரிசுகளுக்கு அடுத்து ஏரோதின் வாள் வருகிறது. பெத்லகேமில் குழந்தைகளை இழந்த தாய்மாரின் அழுகை வருகிறது. பிள்ளைகள் இல்லாததால் ராகேல் ஆறுதல் அடைய மறுக்கிறாள் என்ற எரேமியாவின் வரியை மத்தேயு அங்கே அப்படியே வைக்கிறார், அவளைச் சமாதானப்படுத்த ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. மேற்கத்திய சபைகள் டிசம்பர் 28-ஐ அந்தக் குழந்தைகளின் நாளாகவே வைத்திருக்கின்றன, கிறிஸ்துமஸுக்கு அடுத்த மூன்றாம் நாளிலேயே. வளர்ந்த பிறகு இயேசுவும் தம் நண்பர் லாசரின் கல்லறை முன்னால் அழுதார், சற்று நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும்.

ஆகவே நட்சத்திரம் கட்ட முடியவில்லையென்றால் விடுங்கள். பலகாரம், விருந்து, புதுத்துணி எதுவும் இந்த வருடம் வேண்டாம். முடிந்தால் ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருங்கள். பாட்டு தொண்டையில் நின்றுவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் பாடட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.